அபிதகுசாம்பாள் முடித்த கதை

சேவூரில் தறிக்கு வேண்டிய நூலைத் தாரில் சுற்றும் கொட்டகையில் அபிதகுசாம்பாள் மட்டும் ராட்டையைத் தொடமாட்டாள். அவள் கதை படிப்பாள். மற்றப் பெண்கள் அவள் பங்குப் பட்டு நூலையும் சேர்த்துச் சுற்றி அவள் கூடையை நிரப்பிவிடுவார்கள். யார் தொடங்கிய வழக்கமோ, எழுபத்தெட்டாம் வருஷத்தில் அங்கே அதுதான் நடைமுறை. எட்டாவது வரை படித்தவள் அவள் ஒருத்திதான். குரலும் கணீரென்று இருக்கும்.

அவள் இடது கையில் இரண்டு விரல்கள் கோணிக்கொண்டு நிற்கும். குழம்பில் உப்புக் கூடிப்போனதற்காகப் புருஷன் அம்மிக்குழவியால் நசுக்கியது. அன்று சாயங்காலமே அழுதுகொண்டு மல்லிகைப்பூ வாங்கி வந்தான், அந்த மகராசன். பூ வாடுவதற்குள் விலாவில் உதைத்தான். அவன் செத்தபோது அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால்தான் அதிசயம்.

கொட்டகை மேஸ்திரி வேணுகோபாலும் அதே ரகம். நூல் அறுந்தால் பெண்களின் புறங்கையில், நூலைச் சாயத்தில் முக்கிப் புரட்டும் சாயக்கழி விழும். வயதில் சின்னவளான ராஜம்மாளை மட்டும் கன்னத்தில் அறைந்துவிட்டு, வேலை விடும் நேரத்தில் பூப்பொட்டலம் நீட்டுவான். தாய் தகப்பன் இல்லாத பெண். பூவைக் கண்டால் அறை மறந்துவிடும். வெள்ளிக்கிழமை சாயப் பட்டறைக்குத் தனியாக வா, கல்யாணம் பேசலாம் என்று அவன் கூப்பிட்டிருந்தது கொட்டகைக்கே தெரியும்.

"வாணாம்டி" என்றாள் அபிதகுசாம்பாள்.

"நீ படிச்சிகினு இருக்கியே, அந்தக் கதை எப்படி முடியுதுன்னு பாத்துட்டுப் போறேங்கா" என்றாள் ராஜம்மாள்.

அந்த நாவலை வாங்கிக் கொடுத்ததே வேணுகோபால்தான். ஒரு பஞ்சாலை, ஒரு மானேஜர், டைப் அடிக்கிற பெண் ஒருத்தி. எல்லார் முன்னாலும் அவளை அறைகிறான், கோடவுனில் வைத்துப் பூட்டுகிறான். 'இதற்கெல்லாம் ஒருநாள் பதில் சொல்வேன்' என்கிறாள் அவள். அந்தப் பதிலுக்காக அபிதகுசாம்பாள் வெங்காயம் நறுக்கும்போதுகூட ஏங்கிக் கிடந்தாள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பக்கம் வந்தது. குரலை முந்திக்கொண்டு கண் ஓடியது. 'அடித்ததெல்லாம் ஆசையால்தான்' என்கிறான் மானேஜர். அவள் அவன் காலில் விழுகிறாள். கெட்டிமேளம் கொட்டுகிறது. அபிதகுசாம்பாள் வாசிப்பதை நிறுத்தினாள். இதற்கா இத்தனை நாள்! எழுதினவன் எதிரே இருந்திருந்தால் அந்தப் புத்தகத்தையே அவன் வாயில் திணித்திருப்பாள்.

"இன்னாக்கா நிறுத்திட்ட? கட்டிக்கினாங்களா?" ராஜம்மாளின் முகமெல்லாம் பூத்திருந்தது.

"இல்லடி." அபிதகுசாம்பாள் பக்கத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "அவன் கைய ஒடிச்சிட்டா."

"பொய்!" ராஜம்மாளை அழைத்துப்போக வந்த வேணுகோபால் வாசலில் நின்றிருந்தான். "கட்டிக்கினா. நான் படிச்சிட்டுத்தான குடுத்தேன்!"

புத்தகத்தைப் பிடுங்கி அதாலேயே அபிதகுசாம்பாளின் வாயில் அடித்தான். உதடு கிழிந்து ரத்தம் மடியில் ஒழுகியது. "வாடி, ஜல்தி" என்று ராஜம்மாளின் சடையைப் பிடித்து இழுத்தான். அவள் ராட்டையோடு சாய்ந்தாள்.

சுவரோரம் அவனுடைய சாயக்கழி சாத்தியிருந்தது. அபிதகுசாம்பாள் அதை எடுத்தாள். முதல் அடியில் சடையை விட்டான். அடுத்த அடியில் மணிக்கட்டு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. விழுந்தவனையும் அவள் விடவில்லை. முதுகிலும் முழங்காலிலும் மாறி மாறிப் போட்டாள்.

"பாத்துக்கோடி ராஜம்மா! இப்படித்தான் முடியுது!"

பெண்கள் எல்லாரும் சேர்ந்து இழுத்த பிறகுதான் கழியைப் போட்டாள்.

போலீஸ் வந்து அழைத்துப்போனது. அடித்ததற்காக அவள் துளியும் வருந்தவில்லை. ராஜம்மாள் பூப்பொட்டலத்தை நினைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாளோ என்ற எண்ணம்தான் லாக்கப்பில் அவளைத் தின்றது.

ஜாமீனில் வந்ததும், இனி வேலை ஏது என்று, விட்டுப்போன தூக்குவாளியை எடுக்கக் கொட்டகைக்குப் போனாள். அவள் கூடை நிரம்பி வழிந்தது.

"யாருடி சுத்துனது?"

பக்கத்து ராட்டையில் இருந்த அம்மணி ராஜம்மாளைக் காட்டினாள். ராஜம்மாளின் தலையில் பூ இல்லை. நூல் இழுத்து இழுத்து விரல்களில் வெடிப்பு. ராட்டையை நிறுத்தாமல் சொன்னாள்:

"உக்காருக்கா. வேற கதை இருந்தா படி."