இரண்டு வில்லை, ஒரு சத்தம்

தைரியராஜ் பதினான்கு வருஷம் ஜங்ஷனுக்குத் தெற்கே ஓர் இரும்பு வார்ப்புப் பட்டறையில் வேலை பார்த்தான். மண்ணை இடித்து அச்சு எடுக்கும் வேலை. பாலக்கரையில் வாடகை வீடு. மனைவி அக்னஸ். மூன்றும் பெண் குழந்தைகள்.

பட்டறையில் அவனைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள். பயந்தவன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைவரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். சங்கு ஏழரைக்கு ஊதும். அவன் ஏழு மணிக்கே கேட்டில் நிற்பான். ஒருமுறை வேலைநிறுத்தம் வந்தபோது உள்ளே போகவும் பயந்து, வெளியே நிற்கவும் பயந்து, காய்ச்சல் என்று படுத்துக்கொண்டான். இரண்டாம் நாள் காய்ச்சல் நிஜமாகவே வந்துவிட்டது.

அக்னஸின் ஊர் புள்ளம்பாடி. கல்யாணமான புதிதில் ரயிலில் போவார்கள். காவிரிப் பாலம் வந்ததும் அவன் கண்ணை மூடிக்கொள்வான். ஸ்ரீரங்கம் போய், கொள்ளிடமும் போய், அக்னஸ் முழங்கையால் இடித்த பிறகுதான் திறப்பான். அரியலூர்ப் பக்கம் ரயில் ஆற்றில் விழுந்த வருஷத்தோடு அந்தப் பயணமும் நின்றது.

"உனக்குப் பேரு வச்ச சாமியார் எங்க இருக்காரு? நான் அவரைப் பார்க்கணும்" என்பான் மருதை.

மருதை அவனுடைய ஜோடி. மண் நிரப்பிய அச்சுப் பெட்டியை ஒரு முனையில் தைரியராஜும் மறுமுனையில் மருதையும் தூக்க வேண்டும். ஒருவன் ஒரு நொடி முந்தினாலும் மற்றவன் கால் போகும். பதினொரு வருஷமாக இருவருக்கும் கால்கள் பத்திரமாக இருந்தன. மருதைக்கு ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே மேலூர். ஆற்றில் வளர்ந்தவன். எதற்கும் சிரிப்பான்.

பட்டறையில் ஒவ்வொருவனுக்கும் எண் அடித்த பித்தளை வில்லை ஒன்று உண்டு. டோக்கன் என்பார்கள். டைம் ஆபீஸ் சுவரில் ஒரு பலகை, அதில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு டோக்கன். வருகிறவன் தன்னுடையதை எடுத்துப் பக்கத்துப் பெட்டியின் வாயில் போட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். சங்கு ஊதியதும் பலகையைப் பூட்டிவிடுவார்கள். பெட்டிக்குள் விழுந்தவன் வந்தவன். ஆணியில் தொங்குகிறவன் வராதவன். ஒருவன் டோக்கனை இன்னொருவன் போட்டால் இருவருக்கும் வேலை போகும் என்று பலகைக்கு மேலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் காவிரி பெருகி, ரயில் பாலத்தின் தூணில் போட்டிருந்த அபாயக் கோட்டைத் தண்ணீர் தொட்டது. அன்றிலிருந்து பாலத்தில் வண்டி ஓடவில்லை. லால்குடியிலிருந்து வரும் காலை வண்டி ஸ்ரீரங்கத்தோடு நின்று திரும்பியது. அதில் வேலைக்கு வருகிறவர்கள் ரோடு பாலம் தொடங்கும் மாம்பழச் சாலைக்கு நடந்தார்கள். ரோடு பாலத்திலும் பஸ் விடவில்லை. போலீஸ்காரர்கள் கயிறு கட்டி, ஐம்பது ஐம்பது பேராக நடக்க விட்டார்கள். இந்தப் பக்கம் சிந்தாமணியில் ஜட்கா வண்டிக்காரன் சொன்னது கூலி. சைக்கிளில் இரண்டு பேரை வைத்து மிதித்துக் காசு பார்த்தவர்களும் இருந்தார்கள். எதில் வந்தாலும் பட்டறைக்கு எட்டரை, ஒன்பது ஆகிவிடும். அரை நாள் சம்பளம் போகும். மூன்று அரை நாள் சேர்ந்தால் மெமோ.

இரண்டாம் நாளே அக்கரை ஆட்களின் டோக்கன்களை இக்கரை ஆட்கள் போட ஆரம்பித்தார்கள். யாரும் கூடிப் பேசவில்லை. இரண்டு வில்லைகளையும் விரலிடையில் ஒட்டிப் பிடித்து ஒன்றாக நழுவவிட்டால் ஒரு சத்தம்தான் கேட்கும். டைம் கீப்பர் நஜிமுதீன் சத்தத்தைத்தான் கவனிப்பார். அல்லது, கவனிப்பதாகப் பெயர்.

"எனக்கு நீ போட்டுடு" என்றான் மருதை. "அழகிரி பரிசல் விடறான். மேலூர்ல ஏறினா கம்பரசம்பேட்டை. ஏழே முக்காலுக்கு மண்ணு லாரி வர்ற கேட்டு வழியா உள்ள வந்துடுவேன்."

"இந்தத் தண்ணியிலயா?"

"தண்ணியிலதான் பரிசல் போகும். ரோட்டுல போகாது."

"மாட்டினா?"

"மாட்டினா நான் எடுத்துப் போட்டுக்கிட்டேன்னு சொல்லிடு. எனக்குத்தான் கை நீளமாச்சே."

தைரியராஜ் அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் போட்டான். 187 அவனுடையது, 214 மருதையுடையது. ஒரு சத்தம்தான் வந்தது. ஏழே முக்காலுக்கு மருதை வேட்டியைப் பிழிந்துகொண்டே வந்து அச்சுப் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான். மூன்றாம் நாள் டோக்கன் விழுந்தது, மருதை வரவில்லை.

எட்டு மணிக்குத் தைரியராஜ் லாரி கேட்டைப் பார்த்தான். எட்டரைக்குப் பார்த்தான். பிறகு பார்க்கப் பயமாக இருந்தது. மேஸ்திரி கேட்டதற்கு, "வயித்து வலி, பின்னாடி போயிருக்கான்" என்றான். அச்சுப் பெட்டி தரையில் கிடந்தது. ஒற்றை ஆள் தூக்க முடியாது. தூக்குவதுபோல் குனிந்து குனிந்து நிமிர்ந்துகொண்டிருந்தான்.

ஒன்பதரைக்கு நஜிமுதீன் டீ குடித்துக்கொண்டே கொட்டகைப் பக்கம் வந்தார்.

"உன் ஜோடிக்கு ஆயுசு கெட்டிப்பா. போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து போன் பண்ணினாங்க. கம்பரசம்பேட்டைகிட்ட பரிசல் கவுந்துடுச்சாம். ஆறு பேர். ஆறு பேரையும் இழுத்துப் போட்டாச்சு. கரையில நின்ன எவனோ ஒருத்தன், ஏழு பேரு, மருதையும் ஏறினான்னு சொல்லியிருக்கான். பட்டறையில இருக்கானான்னு கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க பாய்?"

"டோக்கன் விழுந்திருக்கு, ரெஜிஸ்டர்ல இருக்கு, ஆளு உள்ளதான் இருக்கான்னு சொன்னேன். சரின்னு வச்சுட்டாங்க. எங்க அவன்?"

"பின்னாடி."

"செத்துப் பொழைச்சவன் டீ வாங்கித் தரணும்னு சொல்லு."

அவர் போய்விட்டார். தைரியராஜ் கையில் இருந்த மண்ணை இறுகப் பிடித்தான். அது அச்சுப்போல் அப்படியே நின்றது. மருதை நீந்துவான். மருதை வேறு பக்கம் கரையேறியிருப்பான். ரோடு பாலத்தில் கயிற்றுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பான். இப்படி ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டான். ஒவ்வொன்றும் கொஞ்ச நேரம்தான் நின்றது.

பத்தரைக்குக் கேட்டில் வள்ளிக்கண்ணு நின்றாள். மருதையின் மனைவி. பாலத்தை நடந்து தாண்டி, அங்கிருந்தும் நடந்தே வந்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் மருதையின் சோற்றுத் தூக்கு. காலையில் அவன் அதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். நஜிமுதீன் அவளிடம் டோக்கன் பெட்டியைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். மானேஜர் தன் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வள்ளிக்கண்ணு கம்பி வேலி வழியாகத் தைரியராஜைப் பார்த்துவிட்டாள்.

"அண்ணே, அவரு உள்ள இருக்காரா?"

மானேஜர் அவன் பக்கம் திரும்பினார்.

"இருக்கான்மா" என்றான் தைரியராஜ்.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். "நான் பாட்டுக்கு மேலூர்லேர்ந்து அழுதுக்கிட்டே வந்தேன்ண்ணே. போலீஸ்காரரு சொன்னாரு, உள்ளதான் இருக்காருன்னு. மனசு கேக்கல."

"வேலை நேரத்துல கூப்பிட முடியாதும்மா. பன்னெண்டரைக்குச் சங்கு ஊதும், வெளிய வருவான்" என்றார் நஜிமுதீன்.

"வரட்டும். சோத்தைக் குடுத்துட்டுப் போறேன்."

கேட்டுக்கு எதிரே புங்க மரம். அதன் அடியில் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கொட்டகையிலிருந்து நேராகத் தெரியும் இடம்.

தைரியராஜ் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வேலை போனால் அக்னஸிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தான். வாடகை, பெண்களின் ஸ்கூல், எல்லாம் வரிசையாக வந்தன. ஆனால் அவற்றுக்கு முன்னால் அந்தப் பன்னிரண்டரை வந்து நின்றது. சங்கு ஊதும். எல்லோரும் வெளியே போவார்கள். அவள் எழுந்து ஒவ்வொரு முகமாகப் பார்ப்பாள். கடைசியாக அவன் முகத்தைப் பார்ப்பாள். அதை நினைத்தபோது மற்றதெல்லாம் சின்னதாகிப் போனது. அந்தப் பார்வைக்குப் பயந்துதான் அவன் டைம் ஆபீஸுக்கு நடந்தான்.

"பாய், இருநூத்திப் பதினாலை நான்தான் போட்டேன்."

நஜிமுதீன் பேனாவை மூடினார். எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் கேக்கல. நீ சொல்லல. போ."

"பாய், அவன் ஆத்துல இருக்கான்."

"போலீசுக்கு நான் வாயால சொல்லியிருக்கேன்யா, உள்ள இருக்கான்னு. இப்ப நீ இப்படிச் சொன்னா மூணு பேரும் தெருவுல நிப்போம். எனக்கு வீட்டுல அஞ்சு உருப்படி."

"தேடறதை நிறுத்திட்டாங்க பாய். நம்ம சொல்லித்தான் நிறுத்திட்டாங்க."

நஜிமுதீன் சாத்திய கதவைத் திறந்தார். வேலை நேரத்தில் வெளியே போக மானேஜர் கையெழுத்துப் போட்ட சீட்டு வேண்டும். இருவரும் மானேஜர் அறைக்குப் போனார்கள். தைரியராஜ் சொன்னான். இரண்டு வாக்கியம். மானேஜர் சத்தம் போடவில்லை.

"பெட்டியைத் திறந்து ரெண்டு டோக்கனையும் எடுத்துட்டு வாங்க."

நஜிமுதீன் எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். மானேஜர் அவற்றைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

"இனிமே உனக்குச் சீட்டு வேண்டாம். போகலாம்."

புங்க மரத்தடியில் வள்ளிக்கண்ணுவிடம் சொன்னான். அவள் அழவில்லை. கேட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குத் தெரியும் உங்களுக்கு?"

"ஒன்பதரை."

அவள் தூக்கை எடுத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள். அவன் ஓடிப்போய் ஜட்கா பிடித்து வந்தான். வழி முழுவதும் அவள் தூக்கை மடியிலேயே வைத்திருந்தாள். கரூர் ரோட்டில் தண்டோரா போட்டுக்கொண்டு ஒருவன் போனான். முக்கொம்பு அணையிலிருந்து செய்தி, மூன்று மணிக்கு மேல் இன்னும் இரண்டு அடி ஏறும், கரையோரம் யாரும் நிற்க வேண்டாம் என்றான்.

கம்பரசம்பேட்டைக் கரையில் போலீஸ்காரர் ஒருவர் குடையோடு நின்றார். அழகிரி கவிழ்த்து வைத்த பரிசலின்மேல் உட்கார்ந்திருந்தான். வள்ளிக்கண்ணுவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"பட்டறையில கேட்டாச்சே, உள்ளதான் இருக்கானாம்" என்றார் போலீஸ்காரர்.

"இல்லீங்க. டோக்கனை நான் போட்டேன்" என்றான் தைரியராஜ். இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடச் சுலபமாக இல்லை.

போலீஸ்காரர் அழகிரியைப் பார்த்தார். "ஆறு பேருன்னுதானேடா சொன்னே?"

அழகிரி முகத்தைத் துடைத்தான். "ஏழு பேருங்க. ஆறுக்கு மேல ஏத்தக்கூடாதுன்னு போட்டிருக்கு. அதனால ஆறுன்னு சொன்னேன். கவுந்தப்ப அவன் நடுத்திட்டுப் பக்கம் போனான். நீந்துறவன்தானேன்னு விட்டுட்டேன்."

நடு ஆற்றில், கீழே அரை மைல் தள்ளி, நாணல் திட்டு ஒன்று உண்டு. இப்போது நாணல் தெரியவில்லை. இரண்டு கருவேல மரங்களின் தலை மட்டும் தண்ணீருக்கு மேல் ஆடிக்கொண்டிருந்தது.

"நான் போறேன்" என்றான் அழகிரி. "ஆனா எதிர்ப்பக்கம் கனத்துக்கு ஒரு ஆள் உக்காரணும். இல்லேன்னா சுத்தி அடிச்சுடும். மரம் கிரம் வந்தா பாத்துச் சொல்லணும்."

கரையில் இருபது பேர் நின்றார்கள். எல்லோரும் ஆற்றைப் பார்த்தார்கள். வள்ளிக்கண்ணு மட்டும் தைரியராஜைப் பார்த்தாள்.

அவன் செருப்பைக் கழற்றினான்.

பரிசல் கரையை விட்டதும் அவன் குறுகி உட்கார்ந்தான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினான். மாதாவே என்றான்.

"யோவ், கண்ணைத் தொற. கண்ணை மூடறதுக்கா உன்னை ஏத்துனேன்?"

திறந்தான். தண்ணீர் காவி நிறத்தில், எங்கும் தண்ணீராக, ஓடிக்கொண்டே நின்றது. கரை சுற்றியது. மலைக்கோட்டை ஒருமுறை வலது பக்கம் வந்தது, பிறகு முதுகுப் பக்கம் போயிற்று. ஒரு வாழைமரம் வேரோடு வந்தது. "மரம்" என்றான். குரல் வரவில்லை. மறுபடியும் கத்தினான். அழகிரி துடுப்பை மாற்றிப் போட்டான். வாழை ஒரு கை தூரத்தில் ஒதுங்கிப் போனது. அதன் தாரிலிருந்த பூ சிவப்பாக இருந்ததை அவன் பார்த்தான்.

"இடது பக்கம் சாயி. சாயிய்யா."

சாய்ந்தான். பதினொரு வருஷம் பெட்டியின் மறுமுனைக்கு ஈடுகொடுத்த உடம்பு. எப்போது சாய வேண்டும், எப்போது விட வேண்டும் என்று அது தானாகக் கற்றுக்கொண்டது. பயம் குறையவில்லை.

முதல் மரத்தில் ஒன்றும் இல்லை. வைக்கோல் மட்டும் சிக்கியிருந்தது. இரண்டாவது மரத்தின் கிளைகளுக்கு நடுவே வேட்டி தெரிந்தது. வேட்டியால் தன் இடுப்பை மரத்தோடு கட்டிக்கொண்டிருந்தான் மருதை. உடம்பெல்லாம் முள் கிழித்திருந்தது. ஒரு கால் தண்ணீருக்குள் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

அழகிரி கிளையைப் பிடித்துக்கொண்டான். தைரியராஜ் முழங்காலிட்டு முடிச்சை அவிழ்த்தான். ஈரத்தில் இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். மருதை இப்போதுதான் அவனைப் பார்த்ததுபோல் பார்த்தான்.

"நீயா?" என்றான். பல் அடித்துக்கொண்டது. "எத்தனை மணி?"

"ஒண்ணு இருக்கும்."

"டோக்கன் போட்டியா?"

"போட்டேன்."

மருதை கண்ணை மூடிக்கொண்டான். பரிசல் திட்டை விட்டு நகர்ந்தது. பிறகு அந்த டோக்கனை எடுத்து மானேஜரின் மேஜைமேல் வைத்ததைத் தைரியராஜ் சொல்லவில்லை. கரை வரும்வரை சொல்லவில்லை. சொல்ல அவனுக்குப் பயமாக இருந்தது.