வந்து, இருக்கலாம்

ஈஸ்ட் பிரன்ஸ்விக் நூலகத்தில் செவ்வாய்தோறும் ரஷ்ய மொழிக்காரர்கள் ஏழெட்டுப் பேருக்கு ஆங்கில இலக்கணம் சொல்லிக்கொடுக்கிறேன். மாநில அரசு அலுவலகமொன்றில் முப்பது வருடம், தவறாக நிரப்பிய படிவங்களைத் திருப்பி அனுப்பி ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன தெரியும்? போன வாரப் பாடம் ஆசையும் வருத்தமும். ‘ஐ விஷ்’ என்று தொடங்கினால் வினைச்சொல் காலத்தில் ஒரு படி பின்னால் போக வேண்டும். இன்றைய குறைக்கு இறந்தகாலம். நேற்றைய குறைக்கு அதற்கும் முந்தைய காலம். இதை மூன்றாவது முறையாகச் சொன்னபோது முன்வரிசை அம்மாள் பொறுமையிழந்தார். அவர்கள் மொழியில் ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்தால் ஆசை, வருத்தம் இரண்டும் முடிந்துவிடுமாம். எது என்பதைக் கேட்பவர் ஊகித்துக்கொள்வாராம்.

ஊகிக்க விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு ஒன்பது வயதிலேயே காட்டப்பட்டுவிட்டது.

அப்போது நாங்கள் ஜெர்சி சிட்டியில் ஒரு மூன்றாம் மாடியில் இருந்தோம். அப்பா, தாத்தாவின் பேச்சை மீறி அமெரிக்கா வந்தவர். நான்கு வருடமாகத் தாத்தாவிடமிருந்து ஒரு வரி இல்லை. அப்பா மட்டும் மாதம் தவறாமல் எழுதிக்கொண்டிருந்தார். பதில் வராத விண்ணப்பத்தையே திரும்பத் திரும்ப அனுப்பக் கூடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை அப்பாவும் அம்மாவும் கீழே துணி துவைக்கப் போயிருந்தபோது போன் அடித்தது. ஊரிலிருந்து சித்தப்பா. இரைச்சலுக்கு நடுவே குரல் கரகரத்தது.

“அப்பா இல்லையாடா? சரி... அண்ணன் ஒரு தடவை வந்திருக்கலாம்னு சொல்லு. சொல்லிடுவியா?”

“ஓகே சித்தப்பா,” என்பதற்குள் லைன் அறுந்துவிட்டது.

என் தமிழ் அப்போது பெரும்பாலும் காதோடு சரி. வந்து, இருக்கலாம் என்று சொல்லைப் பிரித்து அர்த்தம் பண்ணி வைத்துக்கொண்டு, அப்பா துணிக்கூடையோடு ஏறி வந்ததும் ஒப்பித்தேன்.

“சித்தப்பா கால் பண்ணாரு. நீங்க வந்து, இருக்கலாமாம். யூ கேன் கம் அண்ட் ஸ்டே.”

அப்பா கூடையை இறக்கி வைக்கவில்லை. “தாத்தா சொன்னாராமா?”

தாத்தாவைப் பற்றிச் சித்தப்பா பேச்சே எடுக்கவில்லை. ஆனால் எந்தப் பதில் வேண்டும் என்பது அப்பாவின் முகத்திலேயே இருந்தது. “யெஸ்,” என்றேன்.

அம்மா நம்பவில்லை. “நாலு வருஷமா வாயத் தொறக்காத மனுஷன், ஒரு போன்ல மாறிட்டாராக்கும்?”

“வயசாகுதுல்ல? உனக்கு எங்கப்பான்னாலே ஆகாது.”

சித்தப்பா வீட்டில் போன் கிடையாது. திரும்பக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. அப்பா அன்றே தாத்தாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கிவந்தார். நம்மூர் வெயிலுக்குக் கம்பளியா என்று அம்மா கேட்டதும், போய் மாற்றிக்கொண்டு வந்தார். மூன்று வார விடுப்புக்கு எழுதினார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் விசிலடித்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் விசிலடித்து நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்தபோது மேஜைமேல் தந்தி கிடந்தது. தாத்தா வெள்ளிக்கிழமையே இறந்துவிட்டார். மூத்த மகன் இல்லாததால் சித்தப்பாவே கொள்ளி வைத்திருந்தார். ஒன்பது வயதுப் பையனிடம் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலும்.

அம்மா மெதுவாகச் சொன்னாள். “வந்திருக்கலாம்னா, வராமப் போயிட்டாரேன்னு அர்த்தம்டா.”

அடி நிச்சயம் என்று நின்றேன். அப்பா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“சனிக்கிழமை சொன்னியே, அத இன்னொரு தடவை சொல்லு.”

“சித்தப்பா சொன்ன மாதிரியா?”

“இல்ல. நீ சொன்ன மாதிரி.”

சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு தடவை என்றார். என் தமிழைத் திருத்துகிறார் என்று எனக்குப் பட்டது. அதனால் மூன்றாவது முறை, அம்மா சொல்லித்தந்தபடி, இரண்டையும் சரியாகச் சேர்த்து ஒரே சொல்லாகச் சொன்னேன்.

அப்பா கண்ணைத் திறந்துவிட்டார். எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இந்தத் தடவை சரியாகத்தானே சொன்னேன் என்று அம்மாவைக் கேட்டேன்.