பூவாயியின் பச்சை வெளிச்சம்

கையுறைக்கு மேல் இன்னொரு கையுறையை இழுத்து மாட்டி, அதன்மேல் ஸ்பிரிட்டைப் பீய்ச்சி, இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டே பூவாயி முழங்கையால் கதவைத் தள்ளுகிறாள். அந்த அறைக்குள் போய்விட்டால் பேசமாட்டாள். வெளியே வந்துவிட்டால் நிறுத்தமாட்டாள்.

மாமல்லபுரம் போகிற சாலையில், உப்புக்காற்றுக்குப் பெயர்ப்பலகையைப் பறிகொடுத்த ஓர் ஆய்வுக்கூடம். அதன் இரண்டாம் மாடியில் ஒன்பது வருடமாக அவளுக்கு வைரஸ் செய்கிற வேலை. மனித மரபணு ஒன்றைச் செல்லுக்குள் அனுப்பி, வழக்கத்தைவிடப் பல மடங்கு அதை வேலை வாங்கி, என்ன நடக்கிறது என்று பார்ப்பது அங்குள்ள ஆராய்ச்சியாளர்களின் பிழைப்பு. மரபணு தானாக நடந்து உள்ளே போகாது. நோய் தருகிற பகுதிகளை வெட்டியெடுத்த வைரஸுக்குள் வைத்துத்தான் அனுப்பவேண்டும். அந்த வைரஸைத் தயாரித்துத் தருவது பூவாயி.

அச்சரப்பாக்கம் பக்கத்து வேர்க்கடலைக் காட்டிலிருந்து விலங்கியல் படிக்கப் போனவள். கணவர் மோகன் கல்பாக்கத்தில் ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறார். குடியிருப்பது சதுரங்கப்பட்டினம். பக்கத்து வீட்டு லதாவுக்குக் கொரோனா சமயத்தில்தான் பூவாயியின் வேலை என்னவென்று தெரிந்தது. அன்றிலிருந்து சர்க்கரை கடன் கேட்டு வருவதை நிறுத்திவிட்டாள்.

"கூரியர்காரன் கீறான்ல, அவன மாதிரி லதா. ஒரு வூட்டுக்குள்ள பூந்து பார்சல வெச்சிருவான். அவ்ளோதான். அடுத்த வூட்டுக்குப் போறதுக்கு வண்டி கெடையாது. சாவிய நாங்க புடுங்கிக்கினோம்" என்று பூவாயி விளக்கிப் பார்த்தாள்.

லதா யோசித்துவிட்டுக் கேட்டாள்: "அந்தச் சாவி இப்ப யார்கிட்ட கீது?"

பூவாயி பதினொன்றரைக்கே மதியச் சாப்பாட்டை முடித்துவிடுவாள். வைரஸைப் பிரித்தெடுக்க வேகமாகச் சுற்றுகிற இயந்திரத்துக்கு 'மாவு மிஷின்' என்று பெயர் வைத்திருக்கிறாள். அது உறுமினால் திட்டுவாள், உறுமாவிட்டால் பயப்படுவாள். வைரஸ் வளர்க்கிற செல்களை வெளியே எடுப்பதற்கு முன் யாராவது "இந்தத் தடவை நல்லா வரும்" என்று சொன்னால் போச்சு, அன்று முழுக்க அவர்களோடு பேச்சு கிடையாது.

அவளுக்கென்று ஒரு பழக்கம் உண்டு. மரபணு இருக்கிற குழாய் ஸ்டாண்டில் வலப்பக்கம். மரபணு இல்லாமல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மட்டும் செய்கிற வெற்று வைரஸுக்கான குழாய் இடப்பக்கம். இரண்டிலும் இருப்பது தண்ணீர் போன்ற திரவம்தான். வேலை நடுவில் பூவாயி குழாயின் பெயரைப் படிக்கமாட்டாள். "பேரப் படிச்சிகினு இருந்தா கை நின்னுடும். எனக்கு எடம் போதும்" என்பாள். ஒன்பது வருடத்தில் ஒரு குழாய் மாறியதில்லை என்பது அவளுடைய கர்வம். சும்மா சொல்லக்கூடாது, பொருத்தமான கர்வம்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற மேக்னா கையில் லேப்டாப்போடு ஓடிவந்தாள். புண் ஆறுவதற்கு உதவும் என்று நம்பப்பட்ட ஒரு மரபணுவைப் பற்றியது அவள் ஆராய்ச்சி. தட்டில் வளர்ந்த செல்களின் நடுவே ஒரு கோடு கீறிவிட்டு, எந்தத் தட்டில் கீறல் சீக்கிரம் மூடுகிறது என்று பார்ப்பார்கள். மரபணு போன தட்டில்தான் தாமதமாக மூடியது. எல்லோரும் நினைத்ததற்கு நேர்மாறு! வழிகாட்டி சிவராமுக்குத் தலைகால் புரியவில்லை. திங்கட்கிழமை சென்னைக் கருத்தரங்கில் அவரே அறிவிக்கப்போகிறார்.

"உங்க வைரஸாலதான்கா" என்று மேக்னா படங்களைக் காட்டினாள்.

பூவாயி பார்த்தாள். எந்த வைரஸானாலும் அவள் கூடவே பச்சையாக ஒளிர்கிற ஒரு சரக்கையும் ஏற்றிவிடுவாள், உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று தெரிவதற்காக. மரபணு நீளமாக இருந்தால் வைரஸுக்குச் சுமை அதிகம். குறைவாகத்தான் போய்ச் சேரும், பச்சையும் மங்கலாகத்தான் தெரியும். மேக்னாவின் மரபணு நல்ல நீளம். ஆனால் 'மரபணு' என்று எழுதிய தட்டு இரண்டாம் நாளே தீபாவளி கொண்டாடிக்கொண்டிருந்தது. 'வெற்று' என்று எழுதிய தட்டுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தது.

இரண்டுக்கும் உள்ளே போன சரக்கு மாறியிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. இந்த வைரஸைச் செய்த அன்று அவளே ஸ்டாண்டை எடுத்துத் துடைத்தாள். திருப்பி வைக்கும்போது வலம் இடமாகியிருக்கவேண்டும். மறுநாள் வைரஸ் வளர்கிற தட்டைப் பார்த்திருந்தாலே அவள் கண் கண்டுபிடித்திருக்கும். மறுநாள் மோகனின் தங்கை மகளுக்குக் காதுகுத்து, லீவு.

வேறு யாருக்கும் தெரியாது. சந்தேகப்பட்டுப் பரிசோதித்தால் தவிர யாராலும் சொல்லவும் முடியாது. அந்த மாதக் கடைசியில் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்கிறவர்கள் முதலில் புரட்டுவது தவறுகள் எழுதுகிற பதிவேட்டைத்தான். சொன்னால் மேக்னாவுக்கும் இரண்டு மாத உழைப்பு போகும். பூவாயி போய் டீ குடித்தாள். பாதியில் வைத்துவிட்டு, மேக்னாவையும் கூட்டிக்கொண்டு சிவராம் அறைக்குப் போனாள்.

"சார், திங்கக்கெழம சொல்லாதீங்க. இது தலகீழா கீது."

"என்னம்மா சொல்றீங்க? லேபிளை நானே செக் பண்ணேனே?"

"லேபிள் சரியாதான் கீது சார். உள்ள கீறதுதான் மாறிப்போச்சு. நான்தான் மாத்திட்டேன்."

மேக்னா லேப்டாப்பை மூடினாள். அழுவாளோ என்று பூவாயிக்குப் பயமாக இருந்தது. "அப்போ அந்த ஜீன் உண்மையிலேயே புண்ணை ஆத்துதாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்டித்தான் தோணுது. ஆனா என் பேச்ச வெச்சி எழுதிராத கண்ணு. மொதல்லருந்து செஞ்சி தரேன்."

மிச்சமிருந்த வைரஸைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். புதன்கிழமை முடிவு வந்தது. பூவாயி சொன்னதுதான். சிவராமுக்குக் கருத்தரங்கில் அறிவிக்க முடியாமல் போன வருத்தம் இருந்தாலும், மனிதர் நல்லவர். பதிவேட்டை அவரே எடுத்து, நடந்ததை இரண்டு வரியில் எழுதி, 'காரணம்' என்ற கட்டத்தில் 'கண்டறிய இயலவில்லை' என்று போட்டார். சாட்சிக் கையெழுத்துக்கு மேக்னாவிடம் நீட்டினார். மேக்னா மறுபேச்சில்லாமல் போட்டாள். இரண்டு பேரும் பூவாயியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்கள்.

பூவாயி கையுறையைக் கழற்றினாள். மேக்னாவின் கையிலிருந்து பேனாவை வாங்கி, 'கண்டறிய இயலவில்லை' என்பதை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் 'ரா. பூவாயி' என்று புள்ளி பிசகாமல் எழுதினாள். பேனாவை மூடி, மேக்னாவின் கோட்டுப் பையில் செருகிவிட்டு, புதுக் கையுறை எடுக்கப் போனாள்.