அண்ணையின் காலும் மகளின் படிப்பும்

பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை முடிந்த அடுத்த கிழமை, என் மகள் இனிப் படிக்கப் போவதில்லை என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டே, வழக்கமான குரலில் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் ஒரு புடவைக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம், கூடப்படித்த ஒருத்தியும் போகிறாளாம்.

ஏன் என்று கேட்டேன்.

"படிச்சு என்னவா வரப்போறன் எண்டு எனக்கே தெரியேல்லை அம்மா. தெரியாமல் என்னத்துக்கு ரண்டு வருசம் ரியூசன் ரியூசன் எண்டு ஓடுறது?"

அவள் கேட்டதில் பிழையொன்றும் இல்லை. ஆனாலும் படித்தால் நல்லாயிருக்கலாம் என்று சொன்னேன். கனடாவிலிருந்து என் மச்சாள் வீடியோவில் வந்து, டொக்டருக்குப் படி என்றாள். பாரிஸிலிருந்து சித்தப்பா, கணக்கியல் படித்தால் எங்கும் போகலாம் என்றார். மகள் எல்லோருக்கும் ஓம் சொல்லிவிட்டு ஃபோனை என் கையில் தந்துவிட்டுப் போய்விடுவாள். என் கணவர் தோட்டக்காரர், கதைப்பது குறைவு. பிள்ளை கொஞ்சம் ஆறட்டும் என்று மட்டும் சொன்னார்.

எங்கள் வளவிலேயே பின்னால் ஒரு அறை கட்டி என் அண்ணை இருக்கிறார். யுத்தத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். கொடிகாமம் சந்தையில் மரக்கறி விற்கிறார். பகிடி விட்டுச் சிரிக்கவைக்காமல் ஒரு கிலோ கத்தரிக்காய்கூட நிறுக்க மாட்டார். அவருக்குக் கலியாணமில்லை, பிள்ளைகளில்லை. என் மகளைத் தூக்கி வளர்த்ததில் பாதிப் பங்கு அவருடையது.

ஒருநாள் அவள் சாப்பாடு கொண்டுபோனபோது அண்ணை செயற்கைக் காலைக் கழற்றி வைத்திருந்திருக்கிறார். உள்ளே போடும் காலுறையில் இரத்தம். அந்தக் கால் அவருக்குப் பொருந்தாமல் போய்ப் பல மாதமாம். நாள் முழுக்க அதில் நின்றுதான் வியாபாரம் செய்திருக்கிறார். எங்களுக்கு மூச்சும் விடவில்லை.

"உது பழகிப்போச்சு பிள்ளை. அம்மாட்டைச் சொல்லிப்போடாதை" என்றாராம்.

அவள் நேரே என்னிடம் வந்து சொன்னாள். அடுத்தநாளே யாழ்ப்பாணத்தில் செயற்கைக் கால் செய்யும் இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள். எங்களுக்குத் தோட்டத்தில் வெங்காயம் நடுகை. அதனால் இருவரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிள்ளை ஒரு நாளாவது ஃபோனை விட்டிருப்பாளே என்பதுதான் அப்போது என் எண்ணம்.

அங்கே நடந்ததைப் பின்னேரம் அண்ணைதான் சொன்னார். காலுக்கு அளவெடுத்தது முப்பது வயதுகூட இராத ஒரு பெண். கை முழங்கை வரை வெள்ளைச் சாந்து. சாந்தில் நனைத்த துணியை அண்ணையின் காலில் சுற்றி, இறுகியதும் கழற்றி, அதிலிருந்து அச்சு வார்த்தாளாம். பிறகு அந்த அச்சை ஒரு பக்கம் சுரண்டி, இன்னொரு பக்கம் சாந்து பூசி தடிப்பாக்கியிருக்கிறாள். அளவெடுத்த அச்சையே மாற்றுவதைப் பார்த்து என் மகளுக்குப் பொறுக்கவில்லை. ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள்.

எலும்பு தோலை முட்டும் இடம் பாரம் தாங்காது, தசை இருக்கும் இடம் தாங்கும், பாரத்தை அகலமான இடத்தில் பரப்பினால் அழுத்தம் குறையும் என்று அந்தப் பெண் காட்டியிருக்கிறாள்.

"உது நாங்கள் விஞ்ஞானத்திலை படிச்சது அக்கா."

"ஓம், அதேதான். பரீட்சையிலை பிழைவிட்டால் புள்ளி போகும். இஞ்சை பிழைவிட்டால் உங்கடை மாமாவின்ரை கால் புண்ணாகும்."

அதன்பிறகு அண்ணையைப் போகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மகளே அடுத்து வரவேண்டிய நாளைக் கேட்டு அவரை இழுத்துக்கொண்டு போனாள். புதுக்காலைப் போட்டு அவர் நடந்து பார்த்தபோது இவள் நிலத்தில் குந்தியிருந்து பாதம் எப்படிப் படுகிறதென்று பார்த்தாளாம். "என்னை ஒரு சந்தை மாட்டைப்போலப் பார்த்தாள்" என்று அண்ணை சிரித்தார். வீட்டில் கட்டிவைத்திருந்த விஞ்ஞானப் புத்தகத்தை அவள் மறுபடி விரித்து வைத்திருந்ததை நான் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தேன். வாய் திறந்தால் புத்திமதி வந்துவிடும் என்று பயம்.

சாதாரணதரப் பெறுபேறு நன்றாக வந்தது. உயர்தர வகுப்பில் உயிரியல் எடுக்கப்போகிறேன் என்றதும் கனடா மச்சாள் டொக்டர் என்றே கூப்பிடத் தொடங்கினாள். இவள் பொறுமையாக, டொக்டரில்லை மாமி, கால் செய்யிற படிப்பு என்று விளங்கப்படுத்துவாள். என் கணவர் ஒருநாள் மகளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு அந்தப் பெண்ணிடமே போனார். விதை வெங்காயம் வாங்குகிறவர் போலக் குடைந்து கேட்டிருக்கிறார். அந்தப் பெண்ணும் ஒளிக்கவில்லை. தூரத்தில் போய்ப் படிக்க வேண்டும், ஆங்கிலம் வேண்டும், முதுகு நோகும், வலியில் இருப்பவர்கள் ஏசுவார்கள் என்று எல்லாம் சொன்னாள். நல்லதை மட்டும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன் என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆனாலும் உயர்தரப் பரீட்சையை முதல்தரம் எழுதியபோது இரசாயனவியல் காலை வாரிவிட்டது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புடவைக்கடைப் பேச்சு திரும்பவும் வருமோ என்று பயந்து நான் குசினிக்குள் அடுப்படியில் நின்று அந்தக் கதவையே பார்த்தேன். வெளியே வந்தவள், அண்ணையிடம் போய், விடியவெள்ளன கொடிகாமத்தில் இரசாயன வகுப்பு இருக்கு, சந்தைக்குப் போகும்போது என்னையும் ஏற்றிக்கொண்டு போவீங்களோ என்று கேட்டாள். அந்த வருசம் முழுக்க மரக்கறிச் சாக்குகளுக்கு நடுவில் அவரது ஸ்கூட்டரில் போய்த்தான் படித்தாள். வகுப்புக்கு வரும்போது கறிவேப்பிலை மணக்குதாம் என்று கூட்டாளிகள் பகிடி பண்ணுவார்களாம்.

இரண்டாம் தரம் எழுதியபோது சரிவந்தது. இப்போது கொழும்புப் பக்கம் அந்தக் கால் செய்யிற படிப்புத்தான் படிக்கிறாள்.

போன மாதம் ஃபோன் எடுத்தாள். எனக்கில்லை, மாமனுக்கு. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, நான் செய்த காலிலை இண்டைக்கு ஒரு அம்மா நடந்தவ."

அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நொந்ததாமோ?" என்று கேட்டார்.

"ஓம், கொஞ்சம். நாளைக்குத் திருத்தோணும்."

அவர் ஃபோனை என்னிடம் தரவேயில்லை. எந்த இடத்தில் நொந்ததாம், நடக்கேக்கையோ நிக்கேக்கையோ என்று கேட்டுக்கொண்டே முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார்.