இரண்டே அணிகள் ஆடிய ஒலிம்பிக்

கணேசலிங்கத்திடம் வாய் கொடுத்தால் தப்ப முடியாது என்பது சிட்னி ஹோம்புஷ் பகுதித் தமிழர் எல்லோருக்கும் தெரியும். கோயிலில் பிரசாதத்துக்கு நிற்கிற வரிசையில்கூட யாராவது ஒன்றைச் சொன்னால், "அது அப்பிடியில்லை" என்று தொடங்கிவிடுவார். கொழும்பில் பள்ளிக்கூட அணிக்கு ரக்பி ஆடியவர். சிட்னிக்கு வந்து ஒலிம்பிக் பார்க் ரயில் நிலையத்தில் வேலை பார்த்தார். ஆட்டம் பார்க்கப் போகும் சனத்துக்கு வழி காட்டுகிற சாட்டில் சரித்திரமும் சொல்லி அனுப்புவார்.

அவருடைய உயிர் 1908 லண்டன் ஒலிம்பிக். ரக்பி அங்கே இருந்ததே பலருக்குத் தெரியாது என்பதில் அவருக்குத் தனிக் கோபம். பிரான்ஸ் விலகிவிட, மிஞ்சியது இரண்டே அணி. பிரித்தானியாவுக்காகக் கோர்ன்வால் என்ற மாவட்டத்து அணி, எதிரே அவுஸ்திரேலியர். ஒரேயொரு ஆட்டம். முப்பத்திரண்டுக்கு மூன்று என்று அவுஸ்திரேலியர் வென்று தங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 1924 பாரிசோடு ரக்பியை ஒலிம்பிக்கிலிருந்தே எடுத்துவிட்டார்கள் என்று சொல்லும்போது, சொந்தக் காணி பறிபோனதுபோல அவர் குரல் கம்மும்.

இதையெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவள் அவர் மனைவி யோகா. கறிக்கு உப்பில், சொந்தக்காரரின் வயதில், பஸ் நம்பரில், எதிலும் அவள் சொன்னது சரியென்று அவர் ஒப்புக்கொண்டதில்லை.

"என்ர சீவியத்தில ஒருக்காலாவது நான் சொல்லுறது சரியெண்டு சொல்லுங்கோவன்" என்று எத்தனையோ தடவை சண்டை பிடித்திருக்கிறாள்.

"நீர் சரியாச் சொன்னால் நான் ஏன் மாட்டனெண்டு சொல்லப்போறன்" என்பார்.

இப்போது அவருக்கு மறதி நோய். பேச்சும் நின்றுபோயிற்று. ஜன்னலோரக் கதிரையில் இருத்தினால் இருத்தின இடத்தில் இருக்கிறார்.

மெல்பனிலிருந்து மகள் தர்ஷனா போன் எடுத்தால் ஒரே கதைதான். அன்று காலையும் எடுத்தாள். "அம்மா, அப்பாவை வைச்சுப் பாக்க நேர்சிங் ஹோமில இடம் வந்திருக்கு. நாளைக்கு முடிவு சொல்லவேணும். அப்பாவுக்கு நீங்கள் ஆரெண்டே தெரியாது."

"தெரியும்" என்றாள் யோகா. "நான் பிழையாச் சொன்னால் அந்த மனுசனுக்குப் பொறுக்காது பிள்ளை. ஒருக்கால் என்னைத் திருத்தினாரெண்டால் ஆள் உள்ளுக்க இருக்கிறார். இல்லாட்டி நீ சொல்லுறபடி செய்வம்."

இந்தச் சோதனையை அவள் ஏற்கெனவே தொடங்கியிருந்தாள். தேத்தண்ணி கொடுத்துவிட்டு முன்னால் இருந்து வேண்டுமென்றே பிழையாகக் கதை சொல்வாள். ஒருநாள் அந்த ஒலிம்பிக் 1912இல் என்றாள். இன்னொரு நாள் பிரான்ஸும் ஆடியதென்றாள். அவர் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். முன்பென்றால் கோப்பையை வைத்துவிட்டு எழும்பியிருப்பார். கும்பிட்ட தெய்வங்களையெல்லாம் மனதுக்குள் திட்டினாள்.

அன்று பின்னேரம் இருந்ததிலேயே பெரிய பொய்யை எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, லண்டனில கோர்ன்வால்தான் வெண்டது. அவுஸ்திரேலியா தோத்துப்போச்சு."

கணேசலிங்கம் திரும்பினார். புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் அவளுக்குப் பழக்கமானது. சண்டை தொடங்குமுன் வருவது. உதடுகள் அசைந்தன. யோகா கதிரையை இழுத்து அவர் முழங்காலோடு ஒட்டி இருந்தாள்.

"சொல்லுங்கோ. அது அப்பிடியில்லையெண்டு சொல்லுங்கோ."

அவர் அவளை நெடுநேரம் பார்த்தார். பிறகு புருவம் மெல்ல விரிந்தது. வீட்டுக்கு வந்த அயலவர் மனம் நோகக்கூடாதென்று சிரிப்போமே, அப்படியொரு சிரிப்புச் சிரித்தார்.

"ஓம் ஓம்" என்றார் மரியாதையாக. "நீங்கள் சொல்லுறது சரி."

கலியாணமான நாள் முதல் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவள் சண்டை பிடித்தாள். ஆறிப்போன தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய், மகளுக்குப் போன் எடுத்தாள்.