சுவரைப் பார்த்த மஞ்சள் தொட்டி

எதிர்வீட்டுக்குப் பேக்கரிக்காரர் குடிவந்த பிறகுதான் பஸ் மாமாவுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது. அதுவரை அந்தத் தெருவில் குப்பைக்கு ராஜா அவர்தான்.

மாமா காலமெல்லாம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில். மனைவி போன பிறகு வீட்டில் அவரிடம் வாய் திறப்பது குக்கர் மட்டும். அதுவும் விசில்தான் அடிக்கும். ஆனால் காலையில் குப்பை வண்டிக்காரி வருவாள். நீலத் தொட்டியில் காகிதம், மஞ்சளில் பிளாஸ்டிக், பச்சையில் சமையல் கழிவு என்று மாமா பிரித்து வைத்திருக்கும் அழகைப் பார்த்து, "உங்க குப்பைய ஷோகேஸ்ல வைக்கலாம்ணே" என்பாள். அப்படியே தன் முட்டி வலி, மகளின் படிப்பு என்று இரண்டு வார்த்தை. அதில்தான் மாமாவின் நாள் ஸ்டார்ட் ஆகும். அதற்காகவே பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, முக்கோணமாக மடித்து, முனையை உள்ளே செருகிப் போடுவார்.

பிரிக்கத் தெரியாத வீட்டுக்கு அவள் ஒரு தண்டனை வைத்திருந்தாள். தொட்டியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டுப் போய்விடுவாள், வீட்டுப்பாடம் எழுதாத பையனை நிறுத்துவதுபோல. போகிற வருகிறவர்கள் எல்லாம் சிரிப்பார்கள்.

பேக்கரிக்காரரோ பாட்டிலின் லேபிளைக்கூட உரித்துவிட்டுத்தான் போட்டார். அட்டைப்பெட்டிகளை இஸ்திரி போட்டதுபோல் தட்டிக் கட்டினார். வண்டி அந்தப் பக்கமே நிற்கத் தொடங்கியது. ஒருநாள் அவள் அவரையும் "அண்ணே" என்றாள். முட்டி வலிக் கதை எதிர்வாசலிலேயே தீர்ந்துபோய், மாமாவுக்கு வெறும் தலையசைப்புதான் மிஞ்சியது. அவருக்குக் காது வழியாகப் புகை வந்தது.

மறுநாள் வண்டி வரும் முன், பஸ்ஸை ரிவர்ஸ் எடுப்பவர்போல இரண்டு பக்கமும் பார்த்துத் தெருவைக் கடந்தார். பேக்கரிக்காரரின் நீலத் தொட்டியில், காகிதங்களுக்கு நடுவே ஒரு பால் பாக்கெட்டைச் சொருகினார். 'திரும்பி நில்லுடா' என்று தொட்டியிடமே முணுமுணுத்துவிட்டு வந்து ஜன்னல் திரைக்குப் பின்னால் ஒளிந்தார்.

வண்டி வந்தது. அவள் நீலத் தொட்டியைக் கிளறினாள். பாக்கெட்டை எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள். பிறகு நேராகத் தெருவைக் கடந்து வந்து, மாமாவின் மஞ்சள் தொட்டியில் அதைப் போட்டு, தொட்டியைச் சுவர் பக்கம் திருப்பினாள்.

மாமா வேட்டியைக்கூடச் சரிசெய்யாமல் வெளியே ஓடிவந்தார். 'அது என் பாக்கெட்னு எப்படிச் சொல்ற?' என்று கேட்க வாயெடுத்தவர், மேலே கிடந்த முக்கோணத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். கழுவி, காயவைத்து, முனை செருகி. கெடுதல் செய்யப் போன அவசரத்திலும் கை தன் பழக்கத்தை விடவில்லை.

"கழுவாம போட்டிருந்தா நம்பியிருப்பேன்ணே," என்றாள்.

அவர் தொட்டியின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தாளு மடிக்கிறதே இல்ல," என்றார் கடைசியில், புகார்போல.

"ஆமா, உங்க அளவுக்கு வராது." அவள் கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வாசல் திண்டில் சாய்ந்தாள். "முட்டி வலி இன்னும் போகல, கேட்டீங்களா?"

எதிர்வாசலில் பேக்கரிக்காரர் வந்து நின்று பார்த்தார். மாமா அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, "எந்த முட்டி?" என்று கேட்டார்.