பல்லவியில் இன்னொருத்தி

நோர்வேயின் புருசெத்தில் ரயில் ஏறியதும் கிளெமென்ற் வாய்க்குள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவான். ஒலிபெருக்கி சொல்லும் ஒவ்வொரு நிலையத்தின் பெயருக்கும் ஓர் எதுகை வைக்கவேண்டும். அமையாவிட்டால் தன் தலையில் தானே குட்டிக்கொள்வான். பக்கத்து இருக்கை நோர்வேக்காரி எழுந்து வேறிடம் போவாள். "பயந்திட்டா, பாவம்" என்பான், அடுத்த எதுகையைத் தேடியபடி.

பகலில் வீடுவீடாகப் பொதி கொடுக்கும் வான் ஓட்டுகிறான். மாலையில் ராப் பாடுகிறான். எழுதுவது நோர்வேஜிய மொழியில், திட்டுவது ஸ்பானிய மொழியில், செபம் மட்டும் தமிழில். ஸ்பானியம் மேல்மாடிச் சிலி நாட்டுக் குடும்பத்திடம் கற்றது. நியூயோர்க் லத்தீன் பிள்ளைகள் எண்பதுகளில் பாடிய ஃப்ரீஸ்ரைல் நடனப் பாட்டுகளையும் அந்த வீட்டில்தான் கேட்டு வளர்ந்தான். சொற்களெல்லாம் காதல் தோல்வி. தாளமோ ஆளை இருக்கவிடாது. "அழுதுகொண்டே ஆடுறது, அக்கா. எங்கடை சனத்துக்கு இதைவிட என்ன வேணும்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறான்.

2004இல் அவனுடைய பாட்டு ஒன்று வானொலியில் ஓயாமல் ஓடியது. ராப் அவனுடையது. பல்லவி பாடியவள் அவன் தோழி, என் தங்கை இமெல்டா. கொஞ்சம் மூக்கால் பாடுவாள். கடைசி வரியில் அவளுக்கு மூச்சு முட்டும், பதிவிலும் முட்டியது. அந்த இடத்தில்தான் பிள்ளைகள் கூவி ஆடினார்கள். அடுத்த கோடையில் காய்ச்சலென்று படுத்தவள் எழும்பவில்லை.

அவளுடைய ஆண்டுப் பூசை வரைகூடப் பாட்டை வெளியிட்ட கம்பனி பொறுக்கவில்லை. அவள் குரலை எடுத்துவிட்டு, வேறொரு பெண்ணைப் பாடவைத்து, அதே பாட்டை மறுபடி வெளியிட்டது. ஒலி சுத்தமாக இருக்கவேண்டுமாம். இசைத்தட்டின் உறையில் அவள் பெயரும் இல்லை. கிளெமென்ற் சண்டை பிடித்து வெளியே வந்தான். அடுத்த பாட்டுகளுக்கு அவர்கள் வேறு பாடகனைத் தேடிக்கொண்டார்கள். ஒரு பிள்ளையின் மூச்சை அழுக்கென்று துடைத்தவர்களுக்குச் சுத்தத்தைப் பற்றி என்ன பேச்சு?

அவர்களாவது வியாபாரிகள். எங்கள் ஆட்கள்?

போன மாதம் லோறென்ஸ்கூக்கில் ஸ்ரீஸ்கந்தராசாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்திய வீடு, மண்டபம் எடுத்துச் செய்தார்கள். பாட்டுக்குக் கிளெமென்றை அழைத்திருந்தார்கள். இசையும் இமெல்டாவின் பல்லவியும் மட்டும் உள்ள தட்டைத்தான் அவன் எங்கும் கொண்டுபோவான். ராப்பை நேரே பாடுவான். பல்லவிக்கு ஒதுங்கி நிற்பான். ஸ்ரீஸ்கந்தராசா மேடையோரம் வந்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"தம்பி, குறை நினையாதையும். செத்த பிள்ளையின்ரை குரலை நல்ல காரியத்திலை போடக்கூடாது. ரேடியோவிலை போறதையே போடும்."

"நல்ல காரியம் எண்டுதான் அண்ணை, அவளைக் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அவர் சிரித்து, அவன் தோளில் தட்டிவிட்டு, நேரே இசை போடுபவரிடம் போனார். தன் மகளின் பிறந்தநாளுக்கு இமெல்டாவைத் திரும்பத் திரும்பப் பாடச்சொன்ன மனிதர். இப்போது அவள் குரல்கூடத் தீட்டு, துடக்கு.

தட்டு மாறியது கிளெமென்றுக்கு முதல் வரியிலேயே தெரிந்திருக்கும். பதிவிலிருந்து அவன் குரலே அவனோடு சேர்ந்து பாடியது. ஆனாலும் பாடினான். பல்லவி வந்தது. இன்னொருத்தி பாடத் தொடங்கினாள்.

மேடையிலிருந்து இறங்கிப் போய், தட்டு ஓடிய பெட்டியின் வயரைப் பிடுங்கினான். பாட்டு நின்றது. அவன் கையிலிருந்த ஒலிவாங்கி மட்டும் வேலை செய்தது. திரும்பி மேடையேறி, ஒரு முழங்காலில் குந்தி, அதைத் தன் சப்பாத்தருகே பிடித்தான். இமெல்டா அந்தப் பல்லவியைப் பாடி முடிக்கிற அளவு நேரம், வாய் திறக்காமல், பலகையில் காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தான்.